வீட்டை போறதும் வீட்டுக்குப் போவதும்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் இடம் காட்டும் சொற்களும்

தரம் 3 ஆங்கில வகுப்புக்கு ஒரு பந்தும் ஒரு வெறும் பெட்டியும் போதும். பந்தைப் பெட்டிக்குள் போட்டால் 'இன்', பெட்டியின் மேல் வைத்தால் 'ஒன்', பெட்டியைக் கவிழ்த்து மூடினால் 'அண்டர்'. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும். பாடவேளை முடிவதற்குள் பாடமும் முடிந்துவிடும். அதே பிள்ளைகள் எட்டு வருடம் கழித்துச் சாதாரண தரப் பரீட்சையில் கடிதம் எழுதும்போது 'ஐ கோ டு ஹோம்' என்று எழுதுகிறார்கள். நாயைக் கண்டு பயம் என்பதற்கு 'அஃப்ரெயிட் டு டோக்' என்கிறார்கள். பெட்டிக்கும் பந்துக்கும் பிறகு இடையில் என்ன நடந்தது?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் தெரிந்தவைதாம். தமிழில் முன்னிடைச்சொல் இல்லை, நமக்கு எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆங்கிலத்தில் முன்னால் வருகிறது, ஆகவே பிள்ளை தடுமாறுகிறது என்பார்கள். பயிற்சி காணாது என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் சொல்லின் வரிசையால் வரும் பிழை மிகக் குறைவு. 'டேபிள் ஒன்' என்று எழுதும் பிள்ளையை நான் காணவில்லை. வரிசை சில கிழமைகளில் பிடிபட்டுவிடுகிறது. பிழை வருவது எந்தச் சொல்லை எடுப்பது என்பதில். அந்தத் தடுமாற்றத்தில் பெரும் பங்கு ஆங்கில வகுப்பில் அல்ல, பக்கத்துத் தமிழ் வகுப்பில் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

முதலில், பள்ளிக்கு வரும்போது பிள்ளை என்ன கொண்டுவருகிறது என்று பார்ப்போம். அளவெட்டிப் பக்கத்து வீடொன்றில் காதில் விழுந்த பேச்சு இது. ஒரு அம்மம்மா, ஐந்து வயதுப் பேரன்.

"ராசா, அடுப்படித் தட்டிலை சீனிப் போத்தலுக்குப் பின்னாலை ஒரு சின்னப் பேணி இருக்கு. அதுக்கை கிடக்கிற திறப்பை எடுத்துக்கொண்டு ஓடியா."

பேரன் போய்த் தேடிவிட்டு அங்கிருந்தே சத்தம் வைத்தான்: "அதுக்கை இல்லை அம்மம்மா. பேணிக்குக் கீழை கிடக்கு."

அம்மம்மாவின் அந்த இரண்டு வசனங்களுக்குள் தட்டிலை, போத்தலுக்கு, பின்னாலை, அதுக்கை, திறப்பை என்று ஐந்து உறவுகள் இருக்கின்றன. பிள்ளை ஐந்தையும் பிரித்து விளங்கி, சொன்னதில் பிழை இருப்பதையும் கண்டுபிடித்து, சரியான உருபைப் போட்டுத் திருத்தியும் விட்டது. இந்தப் பிள்ளைக்கு 'இடம் காட்டும் சொற்கள்' என்று ஒரு அலகு புதிதாகக் கற்பிக்கப் போகிறோம் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

யாழ்ப்பாணப் பேச்சில் இந்தப் பகுதி செழிப்பானது. படலையை எடுத்துக்கொள்ளுங்கள். 'துவாய் படலையிலை கிடக்கு' என்றால் படலையின் மேல் தொங்குகிறது. 'அண்ணை படலையடியிலை நிக்கிறார்' என்றால் படலைக்குக் கிட்ட, அந்த இடத்தில். 'சைக்கிள் வளவுக்கை நிக்குது' என்றால் வேலிக்கு உட்பக்கம். ஆங்கிலப் பாடநூல் 'ஒன்', 'அட்', 'இன்' என்று மூன்றாகப் பிரிப்பதை இந்த மூன்று வசனங்களும் ஏறக்குறைய அப்படியே பிரிக்கின்றன. இவற்றில் நடுவில் உள்ளதுதான் ஆங்கிலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரும் தலையிடி. 'அட்' என்பதற்குத் தமிழில் சொல் இல்லை என்று ஆசிரியர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கிணத்தடி, சந்தியடி, கோயிலடி, வேம்படி, புளியடி என்று 'அடி' போடாமல் யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு வழி சொல்ல முடியாது. கிணத்தடியில் நிற்பவர் கிணற்றுக்குக் கீழே நிற்கவில்லை. அந்தப் புள்ளியில் நிற்கிறார். 'அட்' செய்யும் வேலையும் பெரும்பாலும் அதுதான்.

சுட்டிலும் அப்படியே. இஞ்சை, உங்கை, அங்கை என்ற மூன்றையும் இந்த மண் இன்னும் கைவிடவில்லை. 'உது' என்றால் கேட்பவருக்குக் கிட்ட உள்ளது. தமிழ்நாட்டுப் பேச்சில் இந்த நடு இடம் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழின் அமைப்பை மொழியியல் முறையில் விரிவாக ஆராய்ந்தவர் பேராசிரியர் சு. சுசீந்திரராஜா. அவரைப் போன்றவர்கள் எழுதியவை பல்கலைக்கழக நூலகத்தில் கிடக்கின்றன. தொடக்க வகுப்பு ஆசிரியரின் மேசைக்கு வந்து சேரவில்லை.

இனித் தலைப்பில் உள்ள விடயம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'கடைக்குப் போறன்', 'பள்ளிக்கூடத்துக்குப் போறன்', 'கோயிலுக்குப் போறன்' என்று எல்லாவற்றுக்கும் 'கு' போடும். வீட்டுக்கு மட்டும் போடாது. 'வீட்டை போறன்' என்றுதான் சொல்லும். இருப்பதற்கும் அதே வடிவம்: 'அம்மா வீட்டை நிக்கிறா.' வீட்டின் உட்பகுதியைச் சொல்ல வேண்டுமானால் 'வீட்டுக்கை' என்று வேறு வடிவம் இருக்கிறது. ஆங்கிலமும் இந்த இடத்தில் இதே மாதிரித்தான் நடந்துகொள்கிறது. கடைக்குப் போக 'டு' வேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் போக 'டு' வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டாம்: 'கோ ஹோம்'. இரண்டு மொழிக்கும் உறவு ஒன்றுமில்லை. வீடு என்பது மற்ற இடங்களைப் போன்றதல்ல என்று இரண்டும் தனித்தனியே முடிவு செய்திருக்கின்றன.

இப்போது வகுப்பறையில் நடப்பதைப் பாருங்கள். தமிழ்க் கொப்பியில் பிள்ளை 'நான் வீட்டை போனேன்' என்று எழுதுகிறது. ஆசிரியை சிவப்புப் பேனையால் வெட்டி 'வீட்டுக்குப் போனேன்' என்று திருத்துகிறார். எழுத்துத் தமிழுக்கு அது சரியான திருத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏன் வெட்டினார் என்று சொல்வதில்லை. பேச்சில் அது சரி, எழுத்தில் இப்படி என்று பிரித்துக் காட்டுவதில்லை. பிள்ளை எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: எங்கே போனாலும் 'கு' போடு. அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் 'கு' என்றால் 'டு' என்று கரும்பலகையில் எழுதுகிறார். 'கோ டு ஹோம்' பிறந்துவிட்டது. பிள்ளையின் சொந்தப் பேச்சைத் தொட்டிருந்தால் அந்தப் பிழை வந்தே இருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 'வீட்டை போறன் எண்டு சொல்லுவியள் தானே, அதைப் போலத்தான் இதுவும்' என்று ஒரு நிமிடத்தில் முடியக்கூடிய விளக்கத்தை நாமே அடைத்துவிடுகிறோம்.

குழந்தைகள் இச்சொற்களை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது உலக அளவில் நன்கு ஆராயப்பட்ட துறை. 1973 இல் மொழியியலாளர் ஈவ் கிளார்க் ஒரு எளிய சோதனை செய்தார். மிகச் சிறிய பிள்ளைகளிடம் பொருள்களைக் கொடுத்து உள்ளே வை, மேலே வை, கீழே வை என்று சொன்னார். பிள்ளைகள் சொல்லைப் பார்க்கவில்லை, பொருளைப் பார்த்தார்கள். குழி உள்ள பொருளைக் கண்டால் உள்ளே போட்டார்கள், தட்டையானதைக் கண்டால் மேலே வைத்தார்கள். ஆகவே பெட்டியைக் காட்டி 'இன்' கேட்டு, பிள்ளை சரியாகப் போட்டுவிட்டால், அது சொல்லை விளங்கிக்கொண்டது என்று நம்ப முடியாது. பெட்டியே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. நம் வகுப்பறையின் முதல் பாடத்திலேயே இந்த ஓட்டை இருக்கிறது. அதே பெட்டியின் மேலேயும் பின்னாலேயும் பக்கத்திலேயும் வைக்கச் சொன்னால்தான் உண்மை வெளியே வரும்.

அதே ஆண்டில் டான் ஸ்லோபின் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கவனப்படுத்தினார். யூகோஸ்லாவியாவில் ஹங்கேரிய மொழியும் செர்போ-குரோவாசிய மொழியும் ஒன்றாகப் பேசி வளர்ந்த பிள்ளைகள், இட உறவுகளை முதலில் ஹங்கேரியத்தில்தான் சொன்னார்கள். ஹங்கேரியத்தில் அவை நம் உருபுகளைப் போலச் சொல்லின் கடைசியில் ஒட்டுகின்றன; மற்றதில் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் பின்னால் ஒரு விகுதியும் வேண்டும். பிள்ளையின் காது சொல்லின் கடைசியைத்தான் முதலில் பிடிக்கும் என்பது அவர் முடிபு. இது உண்மையானால் தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த விடயத்தில் இயற்கையே ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. பின்னர் அவரும் ஜூடித் ஜோன்ஸ்டனும் ஆங்கிலம், இத்தாலியம், துருக்கியம், செர்போ-குரோவாசியம் ஆகிய நான்கையும் ஒப்பிட்டார்கள். உள்ளே, மேலே, கீழே என்பவை முந்தி வந்தன, இடையில் என்பதும் முன்-பின் என்பவையும் பிந்தின. அதிலும் வீட்டைப் போல முகப்பு உள்ள பொருளின் முன்பக்கத்தைச் சொல்லப் பிள்ளைக்கு எளிது; மரத்தைப் போல முகம் இல்லாத பொருளின் முன்பக்கம் கடைசியாகத்தான் வரும். நம் பாடப்படங்களில் பையன் எப்போதும் மரத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருக்கிறான்! வாசலும் கோடிப்பக்கமும் உள்ள ஒரு வீட்டை வரைந்துவிட்டு மரத்துக்குப் பிறகு வந்திருக்கலாம்.

எல்லா மொழியும் உலகத்தை ஒரே மாதிரி வெட்டுவதில்லை என்பதும் இதே துறையில் தெரியவந்தது. 1991 இல் சூன்ஜா சோயும் மெலிசா போவர்மனும் கொரிய மொழிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். கொரியத்தில் உள்ளே, மேலே என்பதைவிட இறுக்கமாகப் பொருந்துகிறதா, தளர்வாக இருக்கிறதா என்பது முக்கியம். மூடியைப் பேனையில் செருகுவதும் புத்தகத்தை உறைக்குள் இறுக்கி நுழைப்பதும் அவர்களுக்கு ஒரே வினை. இரண்டு வயது நிரம்பும் முன்பே பிள்ளைகள் தம் மொழி வெட்டும் கோட்டில்தான் வெட்டினார்கள். எரிக் பெடர்சன் 1995 இல் தமிழையே எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் நாட்டுப்புறத்தார் பொருளின் இடத்தை வடக்கு, கிழக்கு என்று திசையால் சொல்வதையும், நகரத்தார் இடப்பக்கம் வலப்பக்கம் என்று சொல்வதையும் காட்டினார். யாழ்ப்பாணத்தவருக்கு இதைக் கேட்டால் ஆச்சரியம் வராது. வடக்கு வேலி, கிழக்கு வளவு என்பதுதான் இங்கே பேச்சு, காணி உறுதியில் எல்லை எழுதும் முறையும் அதுவே. ஆனால் தொடக்க வகுப்பில் இடம்-வலம் தெரியாத பிள்ளையை மந்தம் என்கிறோம். கிழக்கு எது என்று கேட்டால் அதே பிள்ளை கையை நீட்டிக் காட்டும்.

தமிழ் வகுப்புக்கு வருவோம். வேற்றுமை என்பது தமிழ் இலக்கணத்தில் சின்ன விடயமல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என்று மூன்று இதற்கே. இவற்றில் மயங்கியலின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்தில் வருவதைத் தொல்காப்பியர் பிழை என்று தள்ளாமல் அதற்கென ஒரு இயலே ஒதுக்கியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூலில் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளைத் தருகிறார். மேல், கீழ், முன், பின், உள், புறம், வலம், இடம், இடை எல்லாம் அதற்குள் வருகின்றன. ஆங்கிலப் பாடநூலின் முன்னிடைச்சொல் பட்டியலில் பாதிக்குச் சமமான தமிழ்ச் சொற்கள் அங்கே இருக்கின்றன. 'தமிழில் இவை இல்லை' என்பது எவ்வளவு அரைகுறையான பேச்சு என்பதற்கு இது போதும்.

யாழ்ப்பாணம் இந்த இலக்கணத்தைப் பாடசாலைக்குக் கொண்டுவந்த ஊர். நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கென்று படிப்படியாக ஏறும் வாசிப்பு நூல்களாகப் பாலபாடங்களை அவரே எழுதி, அச்சுக்கூடம் வைத்து அச்சிட்டார். இலக்கணச் சுருக்கத்தில் நன்னூலின் சூத்திரங்களை உரைநடையாக்கி, பகுதிதோறும் வினாக்களையும் சேர்த்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல். செய்யுளை நெட்டுருப் பண்ணாமல் ஒரு பிள்ளை இலக்கணம் படிக்க வழி திறந்தது. அவருக்குப் பின் வந்த நாங்கள்தான் அவருடைய வினாக்களையும் நெட்டுருவுக்குரிய இன்னொரு பட்டியலாக்கிவிட்டோம்.

ஐந்தாம் வேற்றுமை ஒன்றே சாட்சி. உருபு 'இன்', 'இல்'. பொருள் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. பரீட்சைக்கு இதை ஒப்புவிக்காத பிள்ளை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் 'பள்ளிக்கூடத்தாலை வந்தனான்' என்கிறது. கட்டுரையில் 'பாடசாலையிலிருந்து வந்தேன்' என்று எழுத வேண்டும். ஒப்புவித்த 'இன்' என்ற உருபு பேச்சிலும் இல்லை, எழுதும் கட்டுரையிலும் நீங்கலுக்கு அநேகமாக இல்லை. ஒரே நீங்கலுக்கு மூன்று வடிவம்: வாய்க்கு ஒன்று, கொப்பிக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று. மூன்றையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இது வீட்டில், இது கட்டுரையில், இது பழைய நூலில் என்று காட்டும் ஆசிரியர் கிடைத்த பிள்ளை கொடுத்துவைத்தது. இக்காலத் தமிழில் இருந்து தொடங்கும் இலக்கணம் நம்மிடம் இல்லாமலும் இல்லை. எம். ஏ. நுஃமான் 1999 இல் வெளியிட்ட 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' இன்றைய எழுத்துத் தமிழைத்தான் விளக்குகிறது. ஆசிரியர் பயிற்சியில் அதைப் படித்தவர்கள்கூட வகுப்பறைக்குள் வந்ததும் எண்ணிட்ட எட்டு வேற்றுமைக்கே திரும்பிவிடுகிறார்கள், ஏனென்றால் வினாத்தாள் அங்கேதான் நிற்கிறது.

ஆங்கிலமும் இங்கே நேற்று வந்ததல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் குடாநாட்டில் கால் வைத்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி, அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்கள் பாடசாலை. 1855 வரை நடந்த அந்தச் செமினரியில் ஆங்கிலத்தில் உயர்கல்வியும், கூடவே தமிழும் படித்த மாணவர்கள் இரண்டு மொழியிலும் ஒருசேரக் கைதேர்ந்தார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளைதான் 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். அவருக்கு ஆங்கில முன்னிடைச்சொல்லும் தமிழ் வேற்றுமை மயக்கமும் இரண்டு வேறு அறைகளில் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்வியில் பிற்பாடு தொலைந்தது இந்த ஒருசேரப் பார்க்கும் கண்.

இப்போதைய ஒழுங்கு வேறு. 1997 இல் அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தத்தின் பின் தரம் 1, 2 இல் ஆங்கிலம் வாய்ப்பேச்சும் விளையாட்டுமாக வருகிறது; பாடநூலோடு வருவது தரம் 3 இல். பொருள்களை வைத்து இடம் சொல்லும் முதல் பாடங்கள் நன்றாகவே போகின்றன. சிக்கல் தொடங்குவது 'இல்' என்பதற்கும் 'கு' என்பதற்கும் சமம் தேடும்போது. பையிலை புத்தகம், சுவரிலை படம், சந்தியிலை கடை, பஸ்சிலை வந்தன், தமிழிலை எழுது. ஐந்துக்கும் ஒரே உருபு. ஆங்கிலம் முதல் மூன்றுக்கு இன், ஒன், அட் என்று பிரித்துவிட்டு, பஸ்சுக்கு 'பை' கேட்கிறது, தமிழுக்குத் திரும்பவும் 'இன்' கேட்கிறது. ரியூசன் குறிப்பில் 'இன் என்றால் இல், உள்ளே. அட் என்றால் இல்' என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை எதைத்தான் எடுக்கும்?

நம் பேச்சு எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல வரவில்லை. 'ஆலை' ஒன்றே பிள்ளையைக் குழப்பப் போதும். கத்தியாலை வெட்டு, ஒழுங்கையாலை போ, யன்னலாலை பார், கொழும்பாலை வந்தவர், காய்ச்சலாலை வரேல்லை. இந்த ஐந்தும் ஆங்கிலத்தில் ஐந்து சொல். இங்கே பேச்சுவழக்கைச் சாய்மானமாக வைக்க முடியாது. பிரித்துத்தான் காட்ட வேண்டும். ஆனால் பிரித்துக் காட்டவும் முதலில் பிள்ளை உண்மையில் சொல்லும் வசனத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. 'கத்தியால் வெட்டினான்' என்ற பாடநூல் வசனம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'ஆல் என்றால் வித்' என்று முடித்தால் மற்ற நான்கும் தப்பிவிடும்.

காலத்தைச் சொல்லும் இடத்தில் நம் பிள்ளைக்கு அதிர்ஷ்டம். எட்டு மணிக்கு வா, திங்கட்கிழமை வா, மார்கழியிலை வா. மணிக்குக் 'கு', கிழமைக்கு ஒன்றுமில்லை, மாதத்துக்கு 'இல்'. ஆங்கிலத்தில் மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஒன்', மாதத்துக்கு 'இன்'. மூன்றும் மூன்று விதம் என்ற உணர்வு பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. மிச்ச வேலை மூன்று சொல்லைப் பழக்குவது மட்டும். இதைத் தமிழ் வசனத்தோடு சேர்த்துச் சொல்லும் பாடநூல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இனி வினையோடு ஒட்டியவை. நாய்க்குப் பயம், பாட்டைக் கேள், பஸ்சுக்குப் பார்த்துக்கொண்டு நில். இங்கே 'கு' ஏன், 'ஐ' ஏன் என்று கேட்டால் பண்டிதரும் திணறுவார். அந்த வினை அந்த உருபைக் கேட்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் 'அஃப்ரெயிட்' தன்னோடு 'ஒஃப்' கேட்கிறது, 'லிஸின்' 'டு' கேட்கிறது, 'வெயிட்' 'ஃபோர்' கேட்கிறது. இவற்றை இடப்பொருளின் வரிசையில் வைத்துக் கற்பிப்பது வீண். பெட்டியும் பந்தும் இங்கே உதவா. வினையையும் அதன் துணையையும் ஒரே சொல்லாக, ஒரே மூச்சில் வாயில் ஏற்ற வேண்டும். சாதாரண தரத்தில் வரும் பிழைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை, நாமோ இன்னும் மேசையையும் பூனையையும் படம் கீறிக்கொண்டிருக்கிறோம்.

சுரேஷ் கனகராஜா 1999 இல் வெளியிட்ட ஆங்கில நூலொன்று போர்க்காலத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆங்கில வகுப்பை உள்ளிருந்து காட்டுகிறது. அமெரிக்கச் சூழலில் எழுதப்பட்ட பாடநூல். உரையாடலும் செயற்பாடுமாகக் கற்பிக்கும் முறை. மாணவர்களோ இலக்கணக் குறிப்பைத் தாருங்கள் என்று நின்றார்கள். புத்தக ஓரங்களில் அவர்கள் கிறுக்கிய தமிழ்க் குறிப்புகளையும் படங்களையும் கனகராஜா பொறுக்கி எடுத்து வாசிக்கிறார். வகுப்பில் வெளியே சொல்லாத பலவற்றை மாணவர்கள் அங்கே சொல்லியிருந்தார்கள். விதி கேட்கும் அந்த ஆசையைப் பழமைவாதம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. நன்னூல் படித்த ஊரில் பிள்ளை விதியைக் கேட்கத்தான் செய்யும். கொடுக்கும் விதி பிள்ளையின் மொழியிலிருந்து கிளம்பினால் போதும்.

சிங்களத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, காரணம் அங்கே இந்தத் தொல்லையே குறைவு. 'மேசய உட' என்பது மேசை மேல், 'மேசய யட' என்பது மேசைக்குக் கீழ். பின்னொட்டும் பின்வரும் சொல்லுமாகத் தமிழின் அதே அமைப்பு. இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் பிள்ளை இந்த இடத்தில் மூச்சு விடலாம். அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் மொழி பற்றிய பயத்தில் கொஞ்சமாவது இறங்கும்.

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையைப் போன்ற இடங்களில் கேள்வி தலைகீழாகிவிடும். செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குச் சொல்லின் கடைசி ஒலிதான் முதலில் நழுவுகிறது. மற்றப் பிள்ளைக்குச் சலுகையாக இருந்த அதே உருபு இவர்களுக்குத் தடையாகிறது. ஆனால் சைகை மொழியில் ஒரு கையை மற்றக் கையின் மேல் வைத்தாலே 'மேல்' ஆகிவிடும். இடத்தை இடத்தாலேயே சொல்லலாம். உருபை எழுத்தில் கண்ணுக்குக் காட்டி, கையின் இருப்போடு இணைப்பதுதான் வழி.

குடாநாட்டுக்கு வெளியே போன பிள்ளைகளுக்கு வேறொரு வில்லங்கம். பிரான்சின் தமிழ்ச்சோலையிலும் ஜேர்மனியின் தமிழாலயத்திலும் நோர்வேயின் அன்னை பூபதி கலைக்கூடத்திலும் கிழமையில் ஒரு நாள் தமிழ் படிக்கும் பிள்ளைகளில் பலர், முன்னிடைச்சொல் நிறைந்த மொழியிலேயே நாள் முழுவதும் வாழ்கிறார்கள். 'அம்மா கடை போனா' என்று உருபில்லாமல் பேசுகிறார்கள். அவர்களுக்கு இரண்டாம் வேற்றுமை உருபு ஐ என்று தொடங்கினால் பாடம் அன்றைக்கே முடிந்துவிடும். வீட்டிலே கேட்ட 'வீட்டை', 'அம்மாட்டை', 'என்ர' என்பவற்றில் தொடங்கினால் அது அவர்களுக்குத் தெரிந்த தமிழ். அங்குள்ள ஆசிரியர்கள் சிலர் இதை யாழ்ப்பாணத்து ஆசிரியர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தேவை அவர்களைத் தள்ளியிருக்கிறது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை பெரிய செலவுக்குரியவை அல்ல. கிளித்தட்டு நடக்கும்போது 'கோட்டுக்கு அங்காலை', 'கோட்டிலை', 'கோட்டுக்கு வெளியாலை' என்று பிள்ளைகள் கத்தும் சொற்களை ஆசிரியர் ஒரு தாளில் குறித்துவந்தால் அடுத்த நாள் பாடத்துக்கு வேறு பொருள் வேண்டாம். அந்தச் சொற்களை இடப்பக்கம் எழுதி, எழுத்துத் தமிழை நடுவில் எழுதி, மூன்றாவதாக ஆங்கிலத்தை எழுதலாம். 'மேசைமேல் விளக்கு', 'மேசைக்கு மேல் விளக்கு' என்ற இரண்டையும் படம் கீறச் சொன்னால், ஒன்றில் விளக்கு மேசையில் நிற்கும், மற்றதில் கூரையில் தொங்கலாம். அந்த வித்தியாசம் பிள்ளைக்குத் தெரியும். ஆங்கிலம் அதற்கு 'ஒன்', 'அபவ்' என்று இரண்டு சொல் வைத்திருக்கிறது என்பதுதான் புதுச் செய்தி. திருத்தும்போது வெட்டுவதற்குப் பதில் மேலே எழுத்து வடிவத்தை எழுதினால் போதும், பிள்ளை எழுதியதும் கண்ணுக்குத் தெரியும்.

இதற்குத் தடை ஆசிரியரின் மனமல்ல, நேரசூசி. தரம் 1, 2 இல் வகுப்பாசிரியரே தமிழையும் வாய்மொழி ஆங்கிலத்தையும் பார்க்கும் ஒழுங்கு இருப்பதால் இரண்டையும் ஒட்டவைக்க அவருக்கு இடமுண்டு. தரம் 3 இல் ஆங்கிலத்துக்கு வேறு ஆசிரியர் வருகிறார். ஒருவர் வெட்டியது மற்றவருக்குத் தெரியாது. கோப்பாயில் உள்ள யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியைப் போன்ற இடங்களில் ஆரம்பக் கல்வி ஆசிரியராக வரப்போகிறவர்களும் ஆங்கில ஆசிரியராக வரப்போகிறவர்களும் பயிற்சி பெறுகிறார்கள். யாழ்ப்பாணப் பேச்சின் உருபுகளைப் பற்றி இரு சாராரும் சேர்ந்திருந்து படிக்கும் ஒரு அலகை அங்கே வைக்கலாம். ஒரு தவணை போதும்.